பாடி கட்டினது யாரு?

சாலவாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன முதல் வேன் எங்களுடையதுதான். வேன் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். அது ஏலத்தில் வந்த பழைய ஆம்புலன்ஸ். நைனா அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் பலகை போட்டார். நடுவே தரையில் வரிசையாக மர உருளைகள் இருந்தன. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காக இருக்கும் என்றார். அவற்றின் மேல் புத்தகப் பையை வைத்துத் தள்ளினால் அந்தக் கோடி வரை ஓடும். அந்த உருளைகள் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு வரும் உரிமை வண்டிக்காரர் மகளான எனக்கு மட்டும்தான். விட்டுக்கொடுப்பேனா?

முதலில் ஊரில் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. எத்தனை உயிர் போன வண்டியோ என்று பயம். நைனா பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, இதில் ஒரு பிணமும் ஏறியதில்லை என்று சத்தியம் செய்தார். விற்றவன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார், பாவம். அதன் பிறகுதான் டீக்கடை அக்கா தன் இரண்டு பிள்ளைகளை அனுப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வண்டியால்தான்.

நான் நான்காவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் கேமராவோடு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய ஆம்புலன்ஸ்களைத் தேடிப்போய், எந்தப் பட்டறையில் செய்தவை என்று கண்டுபிடித்து எழுதிவைப்பாராம். சம்பளம் கிடையாதாம். இப்படியும் ஒரு வேலையா என்று டீக்கடை அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கடை வாசலில் நின்ற எங்கள் வண்டியைச் சுற்றி வந்தவர், நைனாவிடம் முதலில் கேட்டது இதுதான்:

“இதுக்குப் பாடி கட்டினது யாருங்க?”

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பாடி என்றால் பிணம். அதைக் கட்டுவது என்றால் பாடையில் வைத்துக் கட்டுவது. ஆம்புலன்ஸைக் காட்டிக் கேட்டால் வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்?

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “இன்னாண்ணே, கற்பூரம் அணைச்சியே. பாடி கட்டிக்கினு போன வண்டியா இது? நாளைக்கு எம்புள்ளைங்க வராது, சொல்லிட்டேன்.”

வந்தவர்தான் பதறிப்போய், லாரிக்குப் பாடி கட்டுவதில்லையா, தகரமும் மரமும் வைத்துக் கூடு செய்கிறார்களே, அதைத்தான் கேட்டேன் என்று விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை நன்றாகப் பார்த்து, ஆஸ்பத்திரி வண்டிதானா என்று அவர் வாயால் சொல்லட்டும் என்றாள். நைனாவும், தாராளமா பாருங்க சார் என்று மார்தட்டினார்.

அவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். ஆணிகளுக்கு நடுவே விரலால் அளந்தார். பின்கதவின் கீலில் பெயிண்டைச் சுரண்டியதும் மீன்வால் மாதிரி இரண்டாகப் பிரிந்த பித்தளை தெரிந்தது. உள்ளே ஏறி, உருளைகளைப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. பல வருஷமாகத் தேடிய பட்டறை அகப்பட்டுவிட்டதாம். அடுத்த நொடியே அந்தப் பூரிப்பை அடக்கிக்கொண்டு, நைனாவை உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். நான் அங்கேதான் உருளை மேல் படுத்திருந்தேன்.

“தப்பா நினைக்காதீங்க. இந்த மீன்வால் கீல் போட்ட பட்டறையில ஆம்புலன்ஸே கட்டினதில்ல. மார்ச்சுவரி வேன் மட்டும்தான்.”

மார்ச்சுவரி என்பது பட்டறைக்காரரின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரராக இருப்பார் போல. நைனா ஒரு நிமிஷம் அந்த உருளைகளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சார், புள்ளகுட்டிக்காரன் சார் நானு,” என்றார்.

சென்னைக்காரர் கீழே இறங்கியதும் அக்கா வழிமறித்தாள். அவர் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே, ஆஸ்பத்திரி வண்டியேதாம்மா, சந்தேகமே வேண்டாம் என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. அக்காவே அவருக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள், காசும் வாங்கவில்லை. அன்று ஊரே நிம்மதியாக இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், எங்கள் வண்டியைச் சென்னைக்காரர் போட்டோ எடுத்துப் போகிறாரே.

மறுநாள் காலை வழக்கம்போல் பின்னால் ஏறப்போனேன். நைனா என்னைத் தூக்கி முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். இனிமேல் உன் இடம் இதுதான் என்றார். மற்றவர்கள் எப்போதும்போல் பின்னால் ஏறினார்கள். காலியான உருளை மேல் படுக்க டீக்கடை அக்காவின் பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொண்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உத்திரமேரூர் வரைக்கும் திரும்பித் திரும்பி, அவர்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டே போனேன்.