வள்ளியம்மா துவைத்த சட்டைகள்

என் அப்பா ஞானசேகரன் ஸ்ரீராம்புரத்தில் கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர். போன ஆடியில் இறந்தார். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்றுநோய். ஷீட் அறுத்த தூசிதான் காரணம் என்றார்கள்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். தூசி எங்கெல்லாம் போகும் என்று பார்ப்பது என் வேலை. அப்பாவின் தூசி சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்தது. சட்டையைத் துவைத்தவள் அம்மா வள்ளியம்மா.

அவளுக்கு இருமல்கூட இல்லை. மார்க்கெட்டுக்கு நடந்தே போய், பேரம் பேசி ஜெயித்து, பையைச் சுமந்து நடந்தே வருவாள்.

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிரலாம்மா."

"எனக்கு என்னாடி, கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்பா சட்டைய நீதானே தொவச்ச?"

அம்மாவின் முகம் மாறியது. "அவருதான் எனக்கு சீக்கு குடுத்தாருன்னு எழுதி வாங்கப் போறியா? செத்த மனுஷன் மேல பழி போடாத."

பேச்சை விட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு அல்சூர் கோயிலுக்கும் போகலாம் என்றதும் வந்தாள். மெட்ரோவில் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

டாக்டர் யசோதா கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏனு கெலசம்மா? என்ன வேல செஞ்சீங்க?"

"வேலையா? ஊட்ல சும்மாதான் இருந்தேன்."

நான் வாய் திறந்தேன். மேஜைக்கு அடியில் தொடையில் கிள்ளினாள். சும்மா இருந்தவளை ஒரு எக்ஸ்ரேயோடு அனுப்பிவிடுவார்கள். தூசி பட்டவளுக்குத்தான் ஸ்கேன்.

"வீட்டுக்காரர்?"

"கூரை வேல."

"அவர் துணியெல்லாம்? மெஷின்ல போடுவீங்களா?"

அம்மாவால் தாங்க முடியவில்லை. "மெஷினு என்னா வெளுக்கும்? ஒதறி, ஊற வெச்சி, கல்லுல அடிப்பேன். வேலைக்குப் போறாரா, கல்யாணத்துக்குப் போறாரான்னு தெருவே கேக்கும்!"

"உதறினா தூசி வருமா?"

"பொக மாதிரி பறக்கும்." சொன்னபின்தான் அவளுக்குப் புரிந்தது. "அவருக்குத் தெரியாது டாக்டரம்மா. யாரும் சொல்லல."

"குத்தம் யாரு மேலயும் இல்லம்மா. உங்க நெஞ்சப் பாக்கத்தான் கேட்டேன்."

ஸ்கேன் அறைக் கதவு, அப்பாவுக்கு மூடியதைப் போலவே மூடியது. வெளியே நின்றேன். இவளும் போனால் எனக்கு யாரும் இல்லை.

சவ்வில் தூசி பட்ட தடிப்பு இருந்தது. புற்றுநோய் இல்லை. மூச்சு நன்றாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும். டாக்டர் சொன்னதை அம்மா இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

கோயிலில் அர்ச்சனை என் பெயருக்குச் செய்தாள்.

வீடு திரும்பியதும் எதிர்வீட்டு அன்னம்மாளைக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரரும் அப்பாவோடு ஷீட் போட்டவர்.

"நீயும் போயி காட்டு. தொவச்சத மறைக்காம சொல்லு."

"அய்ய, ஊட்டுக்காரர போயி யாராவது காட்டிக் குடுப்பாங்களா?"

"தூசி ஆவாதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க? ஒனக்கு நான் சொல்றேன் இல்ல? நாளைக்கு ரெடியா இரு, நானே கூட்டிட்டுப் போறேன். மெட்ரோல ஜன்னல் பக்கம் மட்டும் கேக்காத."