மஞ்சள் நூலில் கோத்த ரசீதுகள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடுகிறாள், அது அவள் பாடு. ஆனால் ஒரு வீட்டு வழக்கின் தாள்களில் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் காப்பாற்றியவள் நான்தான். நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்தால் நெற்றித் தழும்பும் சேர்ந்து சுருங்குகிறது.

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீடு தன்னுடையது என்று என் கொழுந்தன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தான். அதற்குத் தீர்வை, அதாவது வீட்டு வரி, கட்டியதும் தான்தானாம். வக்கீல் குமாஸ்தா என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்: "பத்திரத்துக்கு நகல் வாங்கிரலாம்யா. தீர்வை ரசீது போச்சுன்னா வீடு போச்சு."

என் வீட்டுக்காரருக்கோ காதில் செருகிய பீடியே நினைவில் இருக்காது. அதனால் தாள்களை நான் வாங்கிக்கொண்டேன். மில்லுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் கழிவு நூல் கொடுத்தாள். மஞ்சளில் முக்கிய நூலில் தீர்வை ரசீது, வெள்ளை நூலில் வக்கீல் கொடுத்தது, கரியில் தோய்த்ததில் கோர்ட்டுத் தாள். கோணி ஊசியால் குத்திக் கோப்பேன். புதியது எப்போதும் அடியில்தான். எது வேண்டும் என்று கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன்.

வாய்தாவுக்கு வாய்தா அடிதடி. ஒருமுறை கோர்ட்டு வாசலிலேயே கொழுந்தன் இவர் வயிற்றில் உதைத்தான். இவர் அவன் காதைக் கடித்துத் துப்பினார். நான் வயிறு தள்ளி நின்ற மாதத்தில் கடப்பாரையோடு வந்து அடுப்படிச் சுவரை இடித்துவிட்டுப் போனான்.

பிறகு புரட்டாசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு; அதன்மேல் இருக்கிற பெருமாளுக்கு அவன் துளசி மாலை போட்டு விரதம் இருந்தான். மலைக்குப் புறப்பட்ட காலையில், நாமமும் மஞ்சள் வேட்டியுமாக, கையில் அரிவாளோடு எங்கள் வீட்டுக்குள் புகுந்தான். ராஜபாளையத்து நாய் என்றால் ஊர் நடுங்கும் என்பார்கள். எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மூலையில் கிடந்த உலக்கையை எடுத்து ஒரே போடு போட்டான். என் வீட்டுக்காரரின் கை முறிந்த சத்தம் அடுத்த அறையில் கிடந்த எனக்குக் கேட்டது. டிரங்குப் பெட்டியை வெட்டிப் பிளந்தான். பானைகளை உடைத்தான். கடைசியில் என் அறை வாசலுக்கு வந்து நின்றான். நின்றவன் உள்ளே வரவில்லை. நான் பிள்ளை பெற்றுத் தீட்டுக் கழியாமல் கிடந்தேன். தாள் கட்டுகள் என் பாய்க்கு அடியில் இருந்தன.

"ரசீத எடு மதினி!"

மஞ்சள் நூல் கட்டைத் தூக்கிக் காட்டினேன். "இந்தா இருக்குலே. உள்ள வந்து எடுத்துக்கோ."

"மாலை போட்டிருக்கேன், தெரியல?"

"அண்ணன் கைய ஒடிக்கயில மாலை எங்க போச்சு, கழட்டி வச்சிருந்தியோ?"

பல்லைக் கடித்தான். "தூக்கி எறி! இல்ல, புள்ளையோட சேத்துக் கொளுத்திருவேன்!"

"தொட்டு எடுல. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அம்மிக் குழவியை எடுத்து வீசினான். நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணை மறைத்து ரசீதுகள் மேல் வழிந்தது. பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டு, கைக்கு அகப்பட்ட தீட்டுத் துணியைச் சுருட்டி விட்டெறிந்தேன். நேராகப் போய் அவன் துளசி மாலையில் விழுந்தது! "ஐயையோ!" என்று அலறி, அரிவாளைப் போட்டுவிட்டு, வேட்டி அவிழக் கிணற்றுக்கு ஓடினான். ரத்தத்தோடு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் வழக்கில் அவன் பிழைத்திருப்பான். அடுத்த வாய்தாவில், அவனுடைய வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேளாமல், கூண்டில் ஏறி அழுதான்.

"சாமி, என் மாலையில தீட்டுத் துணிய எறிஞ்சுட்டா! விரதமே போச்சு!"

நீதிபதி கேட்டார்: "நீ அங்க எதுக்குப் போனே?"

"ரசீத வாங்கத்தான் சாமி."

"தீர்வை கட்டுனது நீதானே? ரசீது அவங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவன் திரும்பித் தன் வக்கீலைப் பார்த்தான். நான் மஞ்சள் நூல் கட்டை நீட்டினேன். காய்ந்த ரத்தத்தில் தாள்கள் ஒட்டிக்கிடந்தன. கோர்ட்டுக் குமாஸ்தா முகம் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தார். வரிசை மாறவில்லை, ஒன்றும் குறையவில்லை, எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் பெயர்.

வீடு எங்களுக்கு என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்புத் தாளையும் கறுப்பு நூலில் அடியில் கோத்தேன். அவன் இடித்த அடுப்படிச் சுவரை மறுபடி கட்டினோம். அதில் சாய்ந்துகொண்டுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.