மெதுவாக்காரர்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வண்டி ஒன்றுக்கு அவர் மேஸ்திரி. கூட நாலு ஆட்கள். யார் எதைத் தூக்கினாலும் பின்னாலேயே போய் "மெதுவா, மெதுவா" என்பார். தலையணையைத் தூக்கினாலும் அதே மந்திரம்தான். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மெதுவாக்காரர்.

ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றை இறக்கினார்கள். முன்பக்கம், இருப்பதிலேயே வயதில் மூத்த பெரியவர். பின்பக்கம், எல்லாரும் இடக்கையன் என்று கூப்பிடும் இடக்கைப் பழக்கக்கார இளைஞன். படி திரும்பும் இடத்தில் மேஸ்திரி மேலிருந்து கத்தினார்:

"இடது பக்கம், இடது பக்கம்! டேய், மெதுவா!"

இடக்கையன் நிமிர்ந்து பார்த்தான். அலமாரி சுவரில் மோதியது. கண்ணாடி நொறுங்கிப் படியெல்லாம் கொட்டியது.

"கண்ணு எங்கடா இருந்துச்சு?"

"உங்க மேலதான்ணே. நீங்க கத்துனா உங்களைப் பாக்கறதா, அலமாரியைப் பாக்கறதா?"

"அவன் சொல்றதுல தப்பில்ல தம்பி" என்றார் பெரியவர்.

அன்று இரவு மேஸ்திரி வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "அடுப்புலேர்ந்து வெந்நீர் இறக்கும்போது பக்கத்துல வந்து நிப்பீங்களே, அன்னிக்குத்தான் கையைச் சுட்டுக்கறேன்" என்றாள்.

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டார்.

"எதை முதல்ல இறக்கறது, யார் எங்க பிடிக்கறதுன்னு இனிமே நீங்களே பேசிக்கங்க. கூப்பிட்டா வர்றேன். கூப்பிடாம வரமாட்டேன்."

சொல்வது எளிதாக இருந்தது. வண்டியில் சும்மா உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது. மேலே ஏதாவது சத்தம் கேட்டால் வண்டியை விட்டு இறங்குவார், பாதி வழியில் திரும்பிவிடுவார். ஒரு வீட்டில் படி குறுகல் என்று, கட்டிலைப் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அவருக்கு அப்படித் தோன்றியதே இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே நின்று பார்த்தார். கட்டில் கீறல் இல்லாமல் தரைக்கு வந்தது.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. இடக்கையன் பிடித்திருந்த சாப்பாட்டு மேசையின் கால் ஒன்று வாசல் நிலையில் தட்டி உடைந்தது. வீட்டுக்காரர் குதித்தார்.

"நீங்க கூடவே நின்னிருந்தா இப்படி ஆயிருக்குமா? மீதியையாவது நின்னு பாருங்க!"

"என் ஆளுங்க தூக்கினா நான் தூக்கின மாதிரிங்க. மேசையைச் சரி பண்ணித் தர்றது என் பொறுப்பு" என்றார் மேஸ்திரி. பிறகு இடக்கையன் பக்கம் திரும்பினார். "மீதியை நீயே பாரு."

 சொல்லிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மீதிச் சாமான்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன.  மறுநாள் இடக்கையன் எல்லாருக்கும் முந்தி வந்து கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

வண்டியின் முதலாளி இரண்டாவது வண்டி வாங்கியபோது, அதை இடக்கையனிடம் கொடுக்கச் சொன்னவர் மேஸ்திரிதான். இப்போதும் முதலாளி மத்தியானத்தில் மேஸ்திரிக்குப் போன் செய்வார்.

"அந்த வண்டி எங்க நிக்குது?"

"தெரியாதுங்க. முடிஞ்சதும் அவனே சொல்வான்."