எதிர்க்கட்சிப் பண்டிதர் ஜெயித்த நாள்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஹேரம்ப் ஜாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நான் கீழே தையல் மெஷினில் பாவாடை தைத்துக்கொண்டிருப்பேன். அவர் தலைக்கு மேலே ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடை நடையென்று நடப்பார். காசியில் இந்தச் சந்தில் நாற்பது வருடமாக இருக்கிறேன். குரங்கு, மணி, பிணம் தூக்கிப் போகிறவர்களின் ராமநாமம், எல்லாம் காதுக்குப் பழகிவிட்டது. அந்த நடை மட்டும் பழகவில்லை.

சந்தில் அவருக்குப் பெயர் 'எதிர்க்கட்சி'. மிதிலையில் நியாய சாஸ்திரம், அதாவது தர்க்கம், படித்தவர். பிழைப்புக்குப் பஞ்சாங்க அச்சகத்தில் பிழை திருத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை, குரு பூர்ணிமைக்கு மறுநாள், பக்கத்து மடத்தில் பண்டிதர் சபை கூடும். மடத்தின் வேதாந்தத்தை த்ரியம்பக் பட் நிலைநாட்டுவார். நிலைநாட்ட வேண்டுமென்றால் எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் ஜா. இருபத்தாறு வருடமாக எதிர்த்துப் பேசி, கடைசியில் முறையாகத் தோற்று, சின்னச் சால்வையோடு வீடு திரும்புவார். பெரிய சால்வை த்ரியம்பக் பட்டுக்கு. மற்ற நாட்களில் இருவரும் ஒரே பொட்டலத்தில் பொரி தின்கிற சிநேகிதர்கள்.

தோற்றுவிட்டு வருகிறவரை அவர் மனைவி சுனைனா மாடிப்படியில் நின்று வரவேற்பாள்.

"தோத்தாச்சா?"

"தோத்தாச்சு."

"அப்பாடா! கை கழுவிட்டு வாங்க. பாயசம் ஆறுது."

மக்கானா பாயசம், தாமரை விதைப் பொரியில் செய்வது. எனக்கும் ஒரு கிண்ணம் கீழே வரும்.

போன கார்த்திகையில் சுனைனாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. உயிர் தங்கியது, பேச்சு போனது. கண் திறக்கும், மூடும், யாரையும் பார்க்காது. மூக்குக் குழாயில் கஞ்சி. "உள்ளே ஆள் இல்லை, பண்டிட்ஜி. நீங்கள் பேசினாலும் ஒன்றுதான், பேசாவிட்டாலும் ஒன்றுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த நடை.

அவளுக்கு உடம்பு துடைத்து விடுவது நான். முடித்து இறங்கும்போது படியை மறித்துக்கொண்டு நிற்பார்.

"அக்கா, துடைக்கறப்ப முகம் சுளிச்சாளா?"

"சுளிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரின்னா? சுளிச்சாளா, இல்லையா?"

"நான் தையக்காரி பண்டிதரே, ஜட்ஜ் இல்ல. வழிய விடுங்க."

கோபமாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க வராது. எனக்கும் அதே கேள்விதானே?

அவர் படித்த சாஸ்திரம் அவருக்கே எதிரியாக வந்து நின்றது. அதன்படி அறிவு என்பது எப்போதும் எரியும் விளக்கல்ல. ஆத்மாவை மனம் தொட்டால் பிறக்கும், தொடாவிட்டால் இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் ஒன்றுமே கிடையாது. பட் சொல்வது வேறு. மனமும் புத்தியும் வெறும் கருவிகள், கருவி உடைந்தாலும் பின்னால் இருந்து பார்க்கிற ஒன்று தூங்குவதே இல்லை என்பார். இத்தனை வருடம் ஒப்புக்குத் தோற்ற மனிதர், இந்த வருடம் நிஜமாகவே தோற்க ஆசைப்பட்டார்.

"ஒரு கேள்விய மிச்சம் வைக்க மாட்டேன் அக்கா. எல்லாத்தையும் கேப்பேன். த்ரியம்பக் எல்லாத்தையும் உடைக்கணும். உடைச்சுட்டான்னா அவ உள்ள இருக்கான்னு அர்த்தம்."

சபை அன்று மழை. என் மருமகளைச் சுனைனாவிடம் உட்கார வைத்துவிட்டு மடத்துக்குப் போனேன். வாதம் சமஸ்கிருதத்தில்தான். அவர்கள் இருவரும் மாடியில் ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்து எனக்கே பாதி மனப்பாடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மறுப்பதற்கு முன் எதிராளியின் கட்சியை அவன் தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், சபைத்தலைவர் மூன்று தடவை மணி அடிப்பார், அத்தோடு தோல்வி.

பட் ஆரம்பித்தார். "தூங்கி எழுந்தவன், 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்கிறான். ஒன்றும் தெரியவில்லை என்பது யாருக்குத் தெரிந்தது? அதுதான் சாட்சி."

ஜா அதை அப்படியே எடுத்துச் சொன்னார். பட் தலையாட்டினார்.

"அது நினைவல்ல, ஊகம். எழுந்தபின் உடம்பு லேசாக இருப்பதைப் பார்த்துச் சொல்கிறான்" என்றார் ஜா. பட் அதை உடைத்தார். ஜா இன்னொன்று போட்டார். அதுவும் உடைந்தது. ஒவ்வொன்று உடையும்போதும் ஜாவின் முகம் மலர்வதைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். கால் மட்டும் பாய்க்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியாகக் கேட்டார்: "உன் சாட்சிக்கு ஆதாரம் எழுந்தவனின் வாய்ச்சொல். சரி. எழுந்திருக்கவே இல்லையென்றால்?"

பட் வாயைத் திறந்தார். புத்தகத்தில் பதில் இருந்திருக்கும், அவருக்குத் தெரியாததா? ஆனால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டார். யாரைப் பற்றிய கேள்வி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை ஒப்பிக்க அவருக்கு நா எழவில்லை.

முதல் மணி அடித்தது.

ஜா சமஸ்கிருதத்தை விட்டுவிட்டார். "சொல்லுடா த்ரியம்பக்."

இரண்டாவது மணி.

"டேய், சொல்லுடா. உன் காலப் பிடிக்கறேன். எதையாவது சொல்லு."

பட் கண்ணில் நீர் வழியத் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது மணியும் அடித்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பெரிய சால்வையை ஜாவின் தோளில் போர்த்தினார்கள். கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தையே அடித்து விரட்டலாம் போலிருந்தது.

நனைந்துகொண்டே வந்தார். வாசலில் சால்வையைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

"இது கீழயே இருக்கட்டும் அக்கா."

மேலே ஏறினார். சும்மா விடலாமா, பின்னாலேயே ஏறினேன். கட்டிலருகே குனிந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினார்.

"தோத்தாச்சு சுனைனா. வழக்கம்போலத்தான்."

அவள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. அசையவில்லை. மழைதான் கேட்டது.

அதற்குள் பட் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். "ஹேரம்ப், ஜெயிச்சதுக்காக நீ மனச..." என்று ஆரம்பித்தவரின் வாயை ஜா பாய்ந்து பொத்தினார்.

"சத்தம் போடாதடா! தோத்துட்டேன்னு சொல்லியிருக்கேன். அவ காதுல விழுந்தா என்ன ஆகும்?"

பட் அவரையே பார்த்தார். மெல்ல அந்தக் கையை விலக்கினார்.

"பாவி, 'அவ காதுல விழுந்தா'ங்கற இந்த பதில் தெரியாமத்தானேடா அங்க உக்காந்திருந்தேன்" என்றார்.

ஜாவுக்கு அது உறைத்ததோ இல்லையோ, மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கீழே வந்து பெரிய சால்வையைப் பாவாடைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சுனைனா படி இறங்கி எட்டு மாதமாகிறது. இருந்தாலும் நன்றாக அடியில் தள்ளித்தான் வைத்தேன்.