டிக்கெட் செக்கர் வளர்த்த புளூபெர்ரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று கடைத்தெருவில் டைல்ஸ் என்றால் என் கடைதான். என் வீட்டுத் தொட்டியில் புளூபெர்ரி காய்த்தால் தெருவே நின்று பார்க்கும். ஆனால் இது என் கதை இல்லை. அக்கா புருஷன் கதை.

அத்தான் ரயிலில் டிக்கெட் செக்கராக இருந்தவர். வேலை ஓய்ந்தது, பார்வை ஓயவில்லை. பால்காரர் பால் ஊற்றினால் பாத்திரத்தைப் பார்க்கமாட்டார். ஆள் முகத்தைத்தான் பார்ப்பார். நான் ஆசையாகச் செடி கொடுத்தபோதும், "என்ன காரியம் ஆகணும் உனக்கு?" என்றார். புளிப்பு மண்ணில்தான் வளரும் என்று நானே மண்ணும் கலந்து கொடுத்தேன். அதையும் மோந்து பார்த்தார்.

வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாய் வந்ததும், யாராவது கை வைத்துவிடுவார்கள் என்று செடிக்குக் கொசுவலை போர்த்தி அடியில் இறுக்கிக் கட்டினார். பூவெல்லாம் கொட்டிவிட்டது. நேரே என் வாசலுக்கு வந்தார்.

"உன் செடியில காய் குலுங்குது. என்னோடதுல பூவைக்கூட காணோம். எப்படி மச்சான்?"

"வலையை எடுங்க அத்தான். தேனீ வந்தாத்தானே காய் பிடிக்கும்?"

"வலையை எடுக்கச் சொல்றவன்தான் திருடன்."

"தேனீகிட்டயும் டிக்கெட் கேப்பீங்களா?"

நான் சிரித்தது வினையாகிவிட்டது. அக்கா என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எனக்கு இருப்பதோ ஒரே அக்கா. அவள் வராத ஞாயிறுகளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருடமும் பூ வந்தது, வலையும் வந்தது. பிறகு நடந்ததை அக்காவே சொன்னாள். அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டிருக்கிறாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் இறக்கிவிடுவாளாம். அந்தப் பக்கம் மட்டும் காய் பிடித்தது. அத்தான் கண்ணுக்குத் தப்புமா?

"இந்தப் பக்கம் யார் கை வச்சது?"

"நான்தான். விலங்கு மாட்டுங்க."

"எதுக்குடீ?"

"தம்பி திருடலைன்னு உங்க கண்ணுக்குக் காட்டத்தான். நான் அவனைப் பார்க்கணும்."

அத்தான் செடியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். காய்த்த பக்கத்தையும் காய்க்காத பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலையின் முடிச்சை அவிழ்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கிண்ணத்தில் பழத்தோடு வந்தாள். பின்னாலேயே அத்தான். மன்னிப்பா? அந்தப் பேச்சே இல்லை. என் தொட்டியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு, நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"என்னோடதுதான் இனிப்பு."

என்னுடையதுதான் இனிப்பு; தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

"ஆமாம் அத்தான்," என்றேன்.