ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்குள் ஒரு வீடு

ஆர்லிஸ் டோலெஃப்சனை லாரிக்காரர்கள் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது. விஸ்கான்சினின் வடமேற்கு மூலையில் ஒரு ஜல்லிக் குவாரி. அதன் வாசலில் எடைமேடை. அதை ஒட்டின தகரக் கூண்டுக்குள் அவள் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். லாரி வந்து மேடையில் நிற்கும். திரையில் எண் விழும். அளவுக்கு மேலே போயிருந்தால் சன்னலைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

"கொட்டு."

திரும்பிப் போய்க் கொஞ்சம் ஜல்லியைக் கொட்டிவிட்டு மறுபடியும் வரிசையில் நின்று வரவேண்டும். கெஞ்சினாலும் திட்டினாலும் சன்னல் மூடிக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு ஒருவன் பாலாடைக்கட்டிப் பெட்டி கொண்டுவந்து நீட்டினான். அதைத் தராசில் வைத்து, "இதையும் சேர்த்து இருநூறு பவுண்டு அதிகம்" என்று திருப்பிக் கொடுத்தாள். பொய்யாகச் சிரிப்பதற்குக்கூட அவள் வாய் திறந்ததை யாரும் பார்த்ததில்லை.

அவள் எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் வெண்டல் ஸ்கார் என்ற டிரைவர் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்தான். சாயங்காலம் மகளுடைய பள்ளிக்கூட நாடகம், திரும்பிப் போய்க் கொட்டினால் நேரமாகிவிடும் என்றான். அவள் சிரித்துக்கொண்டே, "ஓடு, ஓடு" என்று கையசைத்து அனுப்பினாள். ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. வெண்டல் பிழைக்கவில்லை. பிரேக் பழசு என்றுதான் விசாரணையில் எழுதினார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகப் போய், அவன் வண்டியில் பாரம் அதிகம் இருந்தது, நான்தான் விட்டேன் என்று சொன்னாள். ஊர் முழுக்கத் தெரிந்துபோனது அப்படித்தான். அதற்குப் பிறகு அவள் யாரையும் கையசைத்து அனுப்பியதில்லை.

அவளைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் கேலன். நெடுஞ்சாலை ஓரத்தில் டிரெய்லர் விற்கிறவன். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் வீடுகள் அவன் வளாகத்தில் வரிசையாக நிற்கும். அம்மா முதியோர் இல்லத்துக்குப் போன வருஷம், கையெழுத்துப் போடும் அதிகாரம் தன்னிடம் இருந்ததால், மூஸ் ஏரிக்கரையில் இருந்த குடும்பத்து மரவீட்டை அவன் விற்றுவிட்டான். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை தூண்டிலோடு போன ஆர்லிஸ் வாசலில் வேற்று ஆட்களின் நாய் குரைப்பதைக் கண்டுதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம் ஆயிற்று. அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட சர்ச்சில் ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம்.

வீடு போனாலும் அவள் ஏரியை விடவில்லை. வாரக் கடைசியில் கூடாரம் அடித்துப் படுத்தாள். பத்துக் கோடை அப்படிப் போனது. போன ஆகஸ்டில் ஒரு காலை, தரையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் மறுத்துவிட்டது. கூடாரத்துக்குள் மண்டிபோட்டுத் தவழ்ந்து வெளியே வந்தபோது, பக்கத்து இடத்துக் குடும்பம் காலைக் காப்பியோடு வேடிக்கை பார்த்தது. அந்த அவமானம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில், டிரெய்லர் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தாள்.

அவளுடைய சின்னக் கார் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று காரின் கையேட்டிலேயே போட்டிருந்தது. தண்ணீர், காஸ், பேட்டரி, சட்டி பானை, தூண்டில் பெட்டி எல்லாம் ஏற்றின பிறகும் அந்த எண்ணுக்குள் இருக்கவேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

ஏப்ரல் முழுக்க மூன்று ஊர் அலைந்தாள். முதல் கடையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள் ஓடிவந்தான்.

"வாங்க மேடம், வாங்க. வீட்டுக்காரர் பின்னாடி வர்றாரா?"

"இருபது வருஷத்துக்கு முன்னாடி போனவர். உங்க கடைக்கு வருவாருன்னு தோணல."

அவன் சிரித்துவிட்டு ஒரு டிரெய்லரைக் காட்டினான். "இது இறகு மாதிரி மேடம். ஆயிரத்து நானூத்து இருபதுதான்."

"பேட்டரி சேத்தா?"

"பேட்டரி... அது தனி."

"காஸ் சிலிண்டர்?"

"அதுவும் தனிதான்."

"தண்ணித் தொட்டி நெறஞ்சா?"

"மேடம், யாருமே இவ்வளவு பாக்கறதில்ல."

"அதனாலதான் ரோட்டோரம் பள்ளத்துல கவுந்து கிடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள்.

இரண்டாவது கடைக்காரன் டிரெய்லரை விட்டுவிட்டு, பெரிய பிக்கப் வண்டி ஒன்று வாங்கச் சொன்னான். மூன்றாவது கடையில் அவள் கீழே குனிந்து அச்சுத்தண்டின் தகட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். விளம்பர அட்டையில் இருந்ததோ வேறு எண். கேட்டபோது, "அட்டைல போட்டிருக்கறதுதாங்க சரி" என்றான் விற்பவன். "அப்ப இந்த இரும்பு பொய் சொல்லுதா?" என்று அவள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த புதுத் தம்பதி நழுவிப் போய்விட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை குர்ட் என்ற டிரைவர், அவளை எரிச்சலூட்டவேதான், கூண்டின் சன்னலில் தலையை நீட்டினான்.

"ஆர்லிஸ், உங்கண்ணன் வளாகத்துல ஒண்ணு நிக்குது. பழசு. பதிமூணு அடி. ஃபைபர்ல முட்டை மாதிரி இருக்கு. உனக்கு அளவெடுத்து அடிச்ச மாதிரி."

"வண்டியை நகத்து."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். நகத்து."

அவனை விரட்டிவிட்டாளே தவிர, அந்த முட்டை அவள் மண்டைக்குள் இறங்கிவிட்டது. தகரமும் மரச்சட்டமும் வைத்துக் கட்டிய மற்றவற்றைப்போல இல்லாமல், ஃபைபர் ஓடு இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியது. ஒழுகாது, உளுத்துப்போகாது, கனம் குறைவு. அவள் தேடியது அதைத்தான். நிற்பதோ அண்ணன் வளாகத்தில். ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டு, சனிக்கிழமை காலை கேலனின் வளாகத்துக்குள் காரை விட்டாள்.

கேலன் ஆபீஸ் படியில் நின்று பார்த்தான். தொப்பை இன்னும் முன்னே வந்திருந்தது. இறங்கி வரவில்லை.

"வழி தவறி வந்துட்டியா?"

"முட்டை எங்க?"

"பதினோரு வருஷம் கழிச்சு வர்றா, ஒரு வணக்கம் இல்ல. முட்டை எங்கன்னு கேக்கறா."

"உன்னைப் பாக்க வந்திருந்தா வணக்கம் சொல்லியிருப்பேன்."

அவன் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினான். அவள் உள்ளே ஏறி, கதவுகளைத் திறந்து மூடி, படுக்கையில் ஒரு நிமிஷம் நீட்டிப் படுத்து, இறங்கி அடியில் பார்த்தாள். முழங்காலை மடக்காமல் எழுந்திருக்கிற உயரத்தில் படுக்கை. அதைப் பார்த்து உள்ளுக்குள் பூத்த சந்தோஷத்தை முகத்துக்கு வராமல் அமுக்கிக்கொண்டாள்.

"எல்லாம் ஏத்தினப்புறம் எடை?"

"ஆயிரத்து முந்நூத்தி அம்பது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். முப்பது வருஷமா இதான் என் தொழில்."

"அம்மாகிட்டயும் வீட்டை விக்கமாட்டேன்னு நீதான் சொன்ன."

கேலனின் காது சிவந்தது. "சரி. உன் மேடையிலயே போட்டுப் பாரு. இப்பவே வரேன். தப்பா இருந்தா ஊர் முன்னாடி ஒத்துக்கறேன்."

அவன் தன் பிக்கப்பில் டிரெய்லரைக் கோத்தான். அவள் விடவில்லை. தண்ணீர்த் தொட்டியை ரொப்பச் சொன்னாள், காஸ் சிலிண்டரையும் பேட்டரியையும் மாட்டச் சொன்னாள். தன் காரிலிருந்து வார்ப்பிரும்புச் சட்டி, நாற்காலி, தூண்டில் பெட்டி, போர்வை எல்லாம் கொண்டுவந்து ஏற்றினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தான்.

சனிக்கிழமை குவாரி மதியம் வரை உண்டு. வரிசையில் ஆறு லாரிகள் நின்றன. அண்ணனும் தங்கையும் சேர்ந்து வருவதைப் பார்த்து டிரைவர்கள் இறங்கிவிட்டார்கள். டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்தினார்கள். கூண்டில் சனிக்கிழமை மட்டும் உட்காரும் பெண் எண்ணை உரக்கப் படித்தாள்.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது."

யாரோ விசில் அடித்தார்கள். "முட்டைக்குள்ள கோழியும் இருக்கு போல கேலன்!" என்றான் குர்ட். எல்லாரும் சிரித்தார்கள். கேலன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அந்தச் சிரிப்பைத் தாங்காமல்தான் அவன் அதைச் சொன்னான் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். சொன்னது சொன்னதுதான்.

"நீ எனக்கு எடை சொல்லித் தர்றியா? ஸ்காரைக் கொன்னவ நீ."

சிரிப்பு நின்றுவிட்டது. குர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வெண்டல் ஸ்காரைத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

ஆர்லிஸ் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "ஆமா" என்றாள். "ஒரு தடவை எண்ணைப் பாத்தும் விட்டேன். அது என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ வித்த வண்டிங்க எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கியா?"

சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் கேலனைப் பார்க்கவில்லை.

"மேல இருக்கற ஏசியைக் கழட்டு" என்றாள் அவள். "டிவி வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். எனக்கு ஐஸ் பெட்டி போதும். வெளியில சுருட்டி வெச்சிருக்கற நிழல்துணி, அதோட இரும்புக் கம்பி, அதுவும் வேண்டாம்."

"எல்லாத்தையும் பிடுங்கிட்டா அது என்னத்துக்கு ஆகும்?"

"படுக்க ஆகும்."

அன்று பிற்பகல் முழுக்க வளாகத்தில் இருவரும் வேலை செய்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. "ஸ்பேனர்", "பிடி", "அந்தப் பக்கம்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஏசி இருந்த ஓட்டையை அவன் மூடி போட்டுப் பசை வைத்து அடைத்தான். கொஞ்சம் கோணலாக வைத்ததை அவள் கழற்றி மறுபடியும் வைக்கச் சொன்னாள். அவன் திட்டிக்கொண்டே வைத்தான். திங்கட்கிழமை காலை, லாரிகள் வருவதற்கு முன், மறுபடியும் மேடையில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை சன்னலுக்கு உள்ளே ஆர்லிஸ் இருந்தாள். ஆயிரத்து நானூற்று நாற்பது.

"வாங்கறியா?"

"வாங்கறேன். உனக்காக இல்ல."

"எனக்கு மட்டும் உனக்கு விக்கணும்னு ஆசையா?"

மே மாதம் முதல் வாரக் கடைசியில் அவள் மூஸ் ஏரி முகாமுக்கு அதை இழுத்துப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. முட்டையின் மேல் மழை விழும் சத்தத்தில், வெண்ணெயில் வறுத்த மீனைச் சட்டியிலிருந்தே தின்றுவிட்டு, எட்டு மணிக்கே படுத்துத் தூங்கிப்போனாள். காலையில் நேராகக் காலை ஊன்றி எழுந்தாள். பக்கத்து இடத்தில் முப்பது அடி நீளத்தில் ஒரு டிரெய்லர். அதன் சொந்தக்காரர் இரண்டு பிள்ளைகளோடு வந்து, "எவ்வளவு கனம் இது?" என்று கேட்டார். சொன்னாள். "உங்களுது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

"தெரியாமலா பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் குவாரிக்கு வண்டியோடு வந்தார். அவர் இன்னொருத்தரிடம் சொன்னார். ஜூன் முடிவதற்குள் மத்தியான வேளைகளில் லாரிகளுக்கு நடுவே டிரெய்லர்களும் நிற்க ஆரம்பித்தன. டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். கேலனிடம் வாங்கவிருந்த மூன்று பேர் மேடையில் எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள். கேலன் குவாரி முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினான். முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"ஆர்லிஸ், இது நம்ம வேலை இல்லையே."

"என் சாப்பாட்டு நேரத்துல பாக்கறேன். வேண்டாம்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

வாரம் முழுக்க அந்தக் கூண்டில் உட்கார வேறு ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "சாப்பாட்டு நேரத்தோட நிறுத்திக்கோ" என்றார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கேலனின் பிக்கப் வரிசையில் வந்து நின்றது. பின்னால் புது டிரெய்லர் ஒன்று. இன்னும் விற்கவில்லை. முன்னே நான்கு லாரிகள். காத்திருந்துதான் வந்தான். டிரெய்லரைக் கழற்றி மேடையில் விட்டான். அவள் எண்ணைச் சொன்னாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, டிரெய்லரின் சன்னல் கண்ணாடியில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதினான். பழைய அட்டையைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டான்.

திரும்ப ஏறுமுன் கூண்டின் அருகே வந்து நின்றான்.

"உன்னை எனக்கு இன்னும் பிடிக்கல."

"எண்ணைச் சரியா எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்ப நகரு. பின்னாடி லாரி நிக்குது."