தாழ் போட்ட கதவுக்கு வெளியே

அக்கா மாத்திரை சாப்பிடும் நேரத்தில் நான் சமையலறைக்குள் போகக் கூடாது. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவர் எனக்காகப் போட்ட சட்டம் அது. காலையில் வாங்கி வந்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து புட்டியை இறக்குவார். வெள்ளை மாத்திரைகள் மூடிக்குள் உருளும் சத்தம் கூடத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும். பிறகு குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும். கையைக் கழுவி, மேசையைத் துடைத்து, மறுபடியும் கையைக் கழுவிவிட்டுத்தான் "இப்ப வா லா" என்று இந்த ஊர்ப் பேச்சில் கூப்பிடுவார்.

அக்கா என்று நான் சொல்வது என் நாத்தனாரை. பெற்றோர் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. போனில் ஒருவரிடம் மலாயில் கத்திக்கொண்டே பக்கத்திலிருப்பவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி, இடையில் என்னிடம் "குழம்புல உப்பு பத்தல" என்று தமிழில் சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவருக்கு முகம் காரணமில்லாமல் ஊதத் தொடங்கியது. ரத்த அழுத்தம் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அப்படி ஒரு சுரப்பி இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்துவிட்டு, அது திரும்பி வராமலிருக்க அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மருந்து வாங்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். தமிழ்ப் பெண்ணான பார்மசிஸ்ட் எங்களை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. தலை சுற்றும், தூக்கம் வரும், அதனால் கார் ஓட்டக் கூடாது. அதுவரை அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்ததுதான் முக்கியம் என்றார் பார்மசிஸ்ட். இந்த மருந்து நல்ல சுரப்பியையும் சேர்த்தே அடக்கிவிடும். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டு தானாக ஊறாது. அதற்காகக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அதைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் காத்திருக்காமல் அவசர ஊசியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "ஓய்வெடுத்தா சரியாயிடும்னு மட்டும் படுத்துடாதீங்க ஆன்டி. உயிருக்கே ஆபத்து."

பிறகு அவர் கண் என் வயிற்றில் வந்து நின்றது. லேசாகத்தான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"நீங்க பிரெக்னன்டா? அப்ப இந்த மாத்திரையைத் தொடாதீங்க, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. ஆன்டி வாந்தி எடுத்தா, அதையும் வேற யாராவது கிளவ்ஸ் போட்டுக் கிளீன் பண்ணட்டும்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி வெளுக்கவில்லை. வெளியே வந்து பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். எப்போதும் என் பக்கத்தில் உட்காருபவர் அன்று எதிரே போய் உட்கார்ந்தார். இன்னும் ஒரு மாத்திரைகூட அவர் வாய்க்குள் போயிருக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பயம் குடியேறியது. மருந்து ரத்தத்தில் ஏற ஏற அக்காவின் பேச்சு மந்தமானது. "அதை எடு, அந்த... கால்ல போடுவோமே" என்பார், செருப்பு என்ற வார்த்தை அகப்படாது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்து அளவைக் குறைத்தார். என் கணவர் அவசர ஊசி போட ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. அக்கா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று நான் எட்டிப் பார்ப்பேன். அவரோ, குழந்தை அசைந்ததா, அசைந்ததா என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் பயந்தது ஒரு மழை நாள் மத்தியானத்தில் நடந்தது. கணவர் தூரத்தில், செமினியில் வேலையில் இருந்தார். அக்காவுக்குக் காலையிலேயே வயிறு சரியில்லை. "ஒண்ணுமில்ல லா" என்று சொல்லியே சமாளித்துக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் பால்கனிக்குப் போய்த் திரும்பினேன். பாத்ரூமுக்குள் ஓங்கரிக்கும் சத்தம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அக்கா, கதவைத் திறங்க."

"வராதே. மாத்திரை வெளிய வந்துடுச்சு. கீழெல்லாம் சிந்தியிருக்கு. நான் கழுவிட்டு வரேன்."

தண்ணீர் ஓடியது. மறுபடியும் வாந்தி. பிறகு எதுவோ வழுக்கிச் சுவரில் மோதும் சத்தம். நான் கதவைத் தட்டத் தட்ட, உள்ளேயிருந்து வந்த குரல் குழறியது. "நீ... போ. பிள்ளை... பிள்ளைக்கு ஆகாது." ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் மழை, கொஞ்சம் தாமதமாகலாம் என்றார்கள். ஊசி என் கையில் இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய உடம்பு தாழுக்கு அந்தப் பக்கம் இருந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் உள்ளே செத்துக்கொண்டிருந்தார்.

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. "அக்கா, நீங்க திறக்கலைன்னா நான் கதவை இடிக்கப் போறேன். என் வயித்துல அடிபட்டா நீங்கதான் பொறுப்பு!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தரையில் உடம்பு இழுபடும் ஓசை. தாழ் மெல்ல நகர்ந்தது.

அக்கா கதவோரத்தில் சரிந்து கிடந்தார். உதடு வெளுத்து, உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. அந்த நிலையிலும் கையைத் தூக்கி என்னைத் தடுத்து, "கிளவ்ஸ்" என்றார். போட்டுக்கொண்டேன். அவர் அக்குளைப் பிடித்து இழுத்துக் கூடத்துத் தரையில் கிடத்தினேன். ஊசி மருந்துக் குப்பியின் மூடியை அழுத்திப் பொடியும் நீரும் கலக்கும்வரை குலுக்கினேன். தொடையில் குத்தியபோது அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆம்புலன்ஸ் வந்ததும், ஆஸ்பத்திரியில் இறக்கியதும், எதிரே வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னேன்: அட்ரினல் கேன்சர், அதற்கான மாத்திரை சாப்பிடுகிறார், உடம்பில் ஸ்டீராய்டு ஊறாது, ஒரு ஊசி போட்டிருக்கிறேன். இளம் டாக்டர் ஒருவர் உடனே புரிந்துகொண்டார். நரம்பு வழியாக ஸ்டீராய்டும் உப்பு நீரும் ஏற்றினார்கள். புற்றுநோய் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தினார்கள். அக்கா கண் திறந்ததும் முதலில் கேட்டது, "பிள்ளை அசையுதா?"

"அசையுது அக்கா."

"பயந்துட்டியா?"

நான் அழுதுவிட்டேன். அவர் கையை நீட்டினார். பிறகு ஏதோ நினைத்தவராய்ப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் போர்வைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வீடு திரும்பும் முன்பே என் கணவர் பாத்ரூம் தாழைக் கழற்றிவிட்டார். மகள் பிறந்தாள், நல்ல சுகத்தோடு. கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அக்கா நம்பவில்லை. நானே குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். மூச்சைக்கூட அந்தப் பக்கம் திருப்பி விட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகும் தூக்குமுன் ஒவ்வொரு முறையும் இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டுவார். "கழுவிட்டேன். தூக்கட்டா?"

நோய் பிறகு நுரையீரலில் வந்தது. மகள் பாலர் பள்ளிக்குப் போகுமுன் அக்கா போய்விட்டார். மகளுக்கு அத்தையின் முகம் சரியாக ஞாபகமில்லை. ஆனால் யார் மடியில் ஏறப் போனாலும் முதலில் எதிரே நின்று, ஈரம் காயாத இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறாள். சரி என்று சொல்லும்வரை காத்திருக்கிறாள்.